குமுதா ஏற்றிய ப்ளேயர்

கம்ப்யூட்டரைத் தொடாமலே அதில் படம் ஓட்டுகிற ப்ளேயர் சாஃப்ட்வேர் நல்லதா, மட்டமா என்று கண்டுபிடிக்கச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? காங்கேயம் அரிசி மில்லில் பில் போடுகிற குமுதாவுக்கு அப்படி ஒரு சோதனை வந்தது.

முதலாளி ராசப்பன் வீட்டில் படம் பார்க்கிற கம்ப்யூட்டரில் இலவச ப்ளேயரை ஏற்றிக் கொடுத்தவள் அவள்தான். கோயம்புத்தூரிலிருந்து ப்ளேயர் விற்க வந்த கம்ப்யூட்டர் நிபுணர் தயாபரன் அதைப் பார்த்துச் சிரித்தார். ஒரே மாதிரி இரண்டு டிவி, இரண்டு கம்ப்யூட்டர் வைத்து, ஒன்றில் இவள் ப்ளேயரையும் மற்றதில் தான் விற்கும் ப்ளேயரையும் ஓடவிட்டார். படம் ஒன்றுதான். அவர் பக்கம் பளபளத்தது. இவள் பக்கம் கழுநீர் மாதிரி மங்கிக் கிடந்தது.

"ஏம்மா, என்னையே ஏமாத்திட்டியா? நாளையிலிருந்து மில்லுக்கு வராதே!" என்றார் முதலாளி.

நேற்று வரை பளிச்சென்று தெரிந்த படம் இன்றைக்கு எப்படி மங்கும்? குமுதாவின் பார்வை நிபுணர் கையை விட்டு அகலாத டிவி ரிமோட்டில் போய் நின்றது.

"ஒரே ஒரு தடவை சோதிச்சுப் பாத்துக்கறனுங்க."

"கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது!" என்றார் நிபுணர்.

"தொடலைங்க சார். லைட் எரியலைன்னா பல்பைக் கழட்டி வேற ஹோல்டர்ல மாட்டிப் பாப்பமில்லீங்க, அந்த மாதிரிதான்."

டிவிகளுக்குப் பின்னால் போய், கம்ப்யூட்டரிலிருந்து வருகிற இரண்டு வயரையும் ஒரு டிவியிலிருந்து மற்ற டிவிக்கு மாற்றிச் செருகினாள். இப்போது இவள் ப்ளேயர் பளபளத்தது. நிபுணருடையது கழுநீரானது.

முதலாளி நிபுணரை முறைத்தார். நிபுணர் தன் பையைத் தேடினார்.

"சார், போறதுக்கு முன்னாடி அந்த டிவியிலயும் ரிமோட்டை அமுக்கி, இதே மாதிரி வெளிச்சம் வச்சுக் குடுத்துட்டுப் போயிருங்க," என்றாள் குமுதா.