கீழ்ப்பாதைக் கம்பம் சொன்ன நலம்

மேகங்கள் தரையில் நடமாடும் ஒரு மலைத்தோட்டத்தில் நடந்தது இது. அங்கே பாதையோரங்களில் சிவப்பு விளக்குக் கம்பங்கள் உண்டு. யானையைக் கண்டால் காவலர் கைபேசியில் தகவல் அனுப்புவார். அந்த இடத்து விளக்கு எரியும். கம்பங்களில் அந்தத் தகவலைப் பெற்று விளக்கை எரியவிடும் கருவிகள் இயங்குகின்றனவா என்று பார்க்க, அலுவலகத்தில் வேலை செய்த ஹெப்சிபா ஷெல் ஸ்கிரிப்ட் என்னும் சின்னக் கணினி நிரல் ஒன்றை எழுதியிருந்தாள். அது ஒவ்வொரு கருவிக்கும் 'இருக்கிறாயா?' என்று கேட்பதுபோல் ஓயாமல் பிங் அனுப்பும். பதில் வந்தால் திரையில் 'நலம்' என்று காட்டும், வராவிட்டால் 'பதிலில்லை'.

ஒரு சாயங்காலம் பனிமூட்டம் இறங்கி, தேயிலைச் செடிகள் வெண்ணிறத்தில் மிதந்தன. கொழுந்து பறித்த பெண்கள் அலுவலக வாசலில் நின்றார்கள். அவர்கள் வீடு திரும்பும் கீழ்ப்பாதையில், ஓடைப்பக்கம், காலையில் யானைகளைப் பார்த்ததாகப் பேச்சு. அவர்களில் மாரீஸ்வரிக்கு நிற்க முடியவில்லை. வீட்டில் கைக்குழந்தை; மார்பில் பால் கட்டி வலித்தது.

மேற்பார்வையாளர் தவமணி திரையை எட்டிப் பார்த்தார். "கீழ்ப்பாதை நலம்னு இருக்கு. விளக்கும் எரியல. நீ போம்மா."

"பொறுங்கண்ணே," என்றாள் ஹெப்சிபா. "கருவி முழிச்சிருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். பல்பு எரியுமான்னு அதுக்குத் தெரியாது. காவலருக்கு ஃபோன் போட்டுக்கிட்டிருக்கேன், கிடைக்கல."

"பிள்ளை அழுவும்க்கா," என்று சொல்லிவிட்டு மாரீஸ்வரி நடந்தாள். மற்றவர்கள் ஹெப்சிபாவோடு நின்றுவிட்டார்கள்.

மாரீஸ்வரி தன் கால்களையே பார்க்க முடியாத வெண்மைக்குள் போனாள். ஓரிடத்தில் யாரோ ஆழ்ந்து மூச்சு விடுவதுபோல் கேட்டது. காற்று என்று நினைத்துக்கொண்டாள். அந்த மூச்சில் பச்சிலை வாசம் இருந்தது. வீடு சேர்ந்து பால் கொடுத்தாள். மற்ற பெண்கள் மூட்டம் கலைந்தபின், பசித்து அழுத பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் பார்த்தால், கீழ்ப்பாதைக் கம்பத்தின் பல்பு கருகியிருந்தது. கருவியில் குறையில்லை. காவலர் முந்தின மாலையே தகவல் அனுப்பியிருந்தார். மாரீஸ்வரியின் செருப்புத் தடத்தை ஒட்டி, பனிநீர் தேங்கிய பெரிய காலடிகள் கிடந்தன.

போகச் சொன்ன தவமணி, நிறுத்தப் பார்த்த ஹெப்சிபா, நடந்துபோன மாரீஸ்வரி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஹெப்சிபா நிறுத்தப் பார்த்ததே சரி. மாரீஸ்வரி உயிரோடு வீடு சேர்ந்தது யானையின் பொறுமையால். தவமணியின் கணிப்பால் அல்ல. ஆனால் பதில் வந்ததை 'நலம்' என்று எழுதிவைத்தவளும் ஹெப்சிபாதான்; தவமணி நம்பியது அந்தச் சொல்லை. அன்றே அதை 'பதில் வந்தது' என்று மாற்றிவிட்டு, மாரீஸ்வரி வீட்டுக்குப் போய், கருகிய பல்பையும் செருப்புத் தடத்தருகே கிடந்த காலடிகளையும் பற்றிச் சொன்னாள்.  மாரீஸ்வரி குழந்தையை ஹெப்சிபாவின் மடியில் கிடத்திவிட்டு, "கொஞ்சம் பிடிங்கக்கா. அதைக் காத்துன்னு நெனச்சேன்," என்றாள்.