தை மாதம் வரைக்கும் பூட்டு

நாவல்பட்டணம் என்று ஓர் ஊர். வீதிக்கு நூறு கடை, கடைக்கு நூறு ஆள். ஒதுங்கத்தான் ஓரிடம் கிடையாது.

அந்த ஊர் அரசவையில் செங்கோடன் என்றொரு விகடன் இருந்தான். எதற்கும் பதில் வைத்திருப்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு வைகாசி வெயிலில் கடைவீதிக்குப் போனான். "வாங்க வாங்க, சபைக்கே நீங்கதான் அழகு!" என்று கடைக்குக் கடை நீர்மோர் நீட்டினார்கள். புகழ்ச்சியை விட மனம் வரவில்லை. ஏழு சொம்பையும் குடித்துவைத்தான்.

எட்டாவது கடையில் முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, இங்கே ஒதுங்க இடம் எங்கே?" என்று பூக்காரியிடம் கேட்டான்.

"வளையக்காரர்கிட்ட கேளுங்க சாமி."

வளையல்காரர் செக்கடிப் பக்கம் கைகாட்டினார். செக்கடிக்காரர் பூக்கடைப் பக்கம் கைகாட்டினார். திரும்பி வந்தவனைப் பார்த்துப் பூக்காரி சிரித்தாள்.

"எம்மாம் பெரிய புத்திசாலி! இதுக்கு ஒரு வழி தெரியலையா?"

செங்கோடனுக்குப் புத்தி இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அது எங்கே இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணில் பட்ட ஒரு சுவரோரம் ஓடி உட்கார்ந்தான். அது அமைச்சர் வில்லவராயரின் தோட்டத்துச் சுவர். எழுவதற்குள் காவலர்கள் பிடித்துவிட்டார்கள்.

செங்கோடனை மட்டம்தட்ட வெகுநாளாகக் காத்திருந்த வில்லவராயருக்கு அன்று தீபாவளிதான். சபையில் மன்னர்முன் நிறுத்தினார். "மன்னா, வீதியை அசுத்தம் செய்தவனைக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்றவைக்க வேண்டும். அதுதான் சட்டம்!"

"கடைவீதியில் இடமே இல்லையே, மன்னா" என்றான் செங்கோடன் ஈனக்குரலில்.

"பொய்! தானியக்கடைக்குப் பின்னால் பளிங்குபோல ஒரு கழிப்பிடம் கட்டியிருக்கிறேன். இவன் தேடவில்லை."

கழுதைமேல் தான் உட்கார்ந்திருப்பதையும் பூக்காரி கைதட்டுவதையும் செங்கோடன் நினைத்துப் பார்த்தான்.

"தண்டனையை ஏற்கிறேன், மன்னா. நாளை தங்கள் நகர்வலம் முடிந்ததும் கொடுங்கள்."

மன்னர் ஒப்புக்கொண்டார்.

நகர்வலத்தில் குடிமக்கள் கையால் கொடுப்பதை மன்னர் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவ்வூர் வழக்கம். விடிந்ததும் செங்கோடன் கடைகடையாகப் போய், "மன்னருக்கு இப்போதெல்லாம் தாகம் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவைத்தான்.

பானகம், இளநீர், நன்னாரி, நீர்மோர். மூன்றாவது வீதியில் மன்னர் பல்லக்கிலிருந்து குதித்தார்.

"வில்லவராயரே! எங்கே அந்தப் பளிங்கு?"

ஓடினார்கள். கதவில் யானைப்பூட்டு தொங்கியது.

"திறவும்!"

"மன்னா… தங்கள் திருக்கரத்தால் திறப்புவிழா நடத்தத்தான் பூட்டிவைத்தேன். சோதிடர் தை மாதம் நாள் குறித்திருக்கிறார்."

"தை மாதமா! சாவி எங்கே ஐயா?"

"அரண்மனைப் பூஜையறையில், மஞ்சள் தடவி…"

மன்னர் மீதியைக் கேட்க நிற்கவில்லை. வழி தெரிந்தவன் கூடவே வந்திருந்த செங்கோடன் ஒருவன்தான். அவன் முன்னால் ஓட, மன்னர் பின்னால் ஓடினார். அதே சுவர். செங்கோடன் வெண்கொற்றக்குடையைத் தாழ்த்திப் பிடித்து மறைத்துக்கொண்டு, மரியாதையாக வானத்தைப் பார்த்து நின்றான்.

சற்று நேரத்தில் மன்னர் முகம் மலர எழுந்தார். "செங்கோடா, இதை யாரிடமும் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன், மன்னா. ஒரே ஒரு சந்தேகம். லாயத்தில் கழுதை ஒன்றுதான் இருக்கிறது. முதலில் தாங்கள் ஏறுகிறீர்களா, நான் ஏறட்டுமா?"

மன்னர் சிரித்த சிரிப்பில் குடை ஆடியது. அன்றே பூட்டு உடைந்தது. மாதம் முடிவதற்குள் கடைவீதியின் நான்கு மூலையிலும் பூட்டில்லாத கழிப்பிடங்கள் எழுந்தன. பரிசாக, ஒவ்வொன்றின் வாசலிலும் செங்கோடன் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னார் மன்னர்.

கல்லில் பெயர்! எந்தப் புலவனுக்குக் கிடைக்கும்? கல் பதித்த மறுநாள் செங்கோடன் மார்பை நிமிர்த்திக்கொண்டு கடைவீதியில் நடந்தான். பூக்காரி வளையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"அண்ணே, கடையைக் கொஞ்சம் பாத்துக்குங்க. ஒரு நடை செங்கோடனுக்குப் போயிட்டு வந்துடறேன்."