மிட்டாதார் குடத்தில் ஒரு வாய்த் தண்ணீர்

கூத்தாடி மலையில் வருஷா வருஷம் குட ஓட்டம் நடக்கும். அடிவாரக் கிணற்றின் உப்புத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு, செங்குத்தாக மலையேறி, உச்சியில் சாமிக்கு முதலில் ஊற்றுகிறவனுக்குப் பட்டுத் தலைப்பாகை. எப்போதும் ஜெயிப்பவர் ஊர் நிலமெல்லாம் வைத்திருக்கும் மிட்டாதார் தில்லைநாயகம். அவரை எதிர்த்து ஓடத் துணிந்தவன் அவருடைய மாட்டுக்காரன் சடையன் ஒருவன்தான்.

இந்த வருஷம் சடையனின் வெளியூர்ச் சிநேகிதன் வேலாண்டியும் முதல்தடவையாக ஓட வந்தான். மிட்டாதார் சிரித்தார்.

"இவனையும் கூட்டிக்கிட்டே வந்து என்னை ஜெயிக்கணும். இல்லேன்னா இனிமே நீ இந்த மலையில கால் வைக்கக் கூடாதுடா."

"சரிங்க எசமான்," என்றான் சடையன்.

பாதி மலையில் வேலாண்டிக்கு மூச்சு முட்டியது. சடையன் அவன் குடத்தையும் வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான். உச்சிக்குப் போனால், மிட்டாதார் சாமிக்கு ஊற்றிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

சடையன் கும்பிட்டான். "தோத்துட்டோம் எசமான். இவனுக்கு நாக்கு வறண்டு போச்சு. உங்க குடத்துல மிச்சமிருக்கிறதை ஒரு வாய் கொடுங்க."

ஊரே பார்க்க மிட்டாதார் பெருமையாக ஊற்றினார். வேலாண்டி குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"புண்ணியவானே, இளநீர் மாதிரி இனிக்குதே! அடிவாரத்துக் கிணத்துக்கு இவ்வளவு ருசியா?"

பூசாரி, கோயிலுக்குப் பின்னாலிருந்த நல்லதண்ணிச் சுனையைத் திரும்பிப் பார்த்தார். "கீழ மொண்டதை வழியிலேயே கொட்டிட்டு, இங்க வந்து நிரப்பினீங்களா எசமான்?"

மிட்டாதார் செருப்பைக்கூடத் தேடாமல் மலையிறங்கினார்.

சடையன் தன் உப்புத் தண்ணீரைச் சாமிக்கு ஊற்றினான். பூசாரி தனக்குக் கட்டிய பட்டுத் தலைப்பாகையை அவிழ்த்து வேலாண்டிக்குக் கட்டினான்.

"நான் பாதி மலை நடந்துதானேடா வந்தேன்?" என்றான் வேலாண்டி.

"இத்தனை வருஷம் என் காலால முடியாததை உன் தாகம் முடிச்சுக் கொடுத்துச்சு. நீ நல்லா இருக்கணும்டா."