சைலன்சரில் புகுந்த கெளுத்தி

தகரத்தில் உளுந்தைக் கொட்டிக்கொண்டே ஓடுவதுபோல ஒரு சத்தம். அது மெல்ல இளைத்தது. ஒரு விக்கல், இன்னொரு விக்கல். பிறகு வண்டியின் வயிற்றில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. நீலாயதாட்சி அதைக் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எத்தனையோ சத்தங்கள் நின்றுபோயிருக்கின்றன. நின்ற பிறகும் காதில் தங்கியது அந்த ஒன்றுதான்.

வண்டி உப்புக் கம்பெனியுடையது. ஆறு தடித்த சக்கரங்களின் மேல் மாட்டுத் தொட்டியைத் தூக்கி வைத்ததுபோல இருக்கும். தரையில் உருளும், சேற்றில் தவழும், நீரில் இறக்கினால் மிதந்தபடி சக்கரத்தாலேயே துழாவிக்கொண்டு போகும். எந்த நாட்டிலோ யாரோ ஓட்டித் தேய்த்து விற்றது. அதன் டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் புரிந்துகொண்டவன் வேதாரண்யம் வட்டாரத்திலேயே மெக்கானிக் மாசிலாமணி ஒருவன்தான். அப்படிச் சொன்னவனும் மாசிலாமணிதான்.

அவன் நீலாவைப் பெண் கேட்டிருந்தான். நீலாவுக்குச் சம்மதம். அவள் அப்பா அமிர்தகடேசனுக்குத்தான் மனம் வரவில்லை. கோர்ட்டில் சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். வாழ்நாளெல்லாம் பொய்யைப் பக்கத்தில் நின்று கேட்டவர். "பையன் நல்லவன்தான். ஆனா சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட அவன் வாயில உண்மை வராது" என்பார்.

அன்று காலை சதுப்புக்கு நடுவில் இருக்கும் திட்டுக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் புறப்பட்டிருந்தார்கள். அப்பா, நீலா, ஓட்டுவதற்கு மாசிலாமணி, துணைக்கு உப்பள மேஸ்திரி காத்தமுத்து. பாதி வழியில் வண்டி நின்றது. தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. முழுக்க வடிந்தால் வண்டி சேற்றில் உட்கார்ந்துவிடும். அடுத்த கடலேற்றம் வரும்வரை கொக்குகளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாசிலாமணி பிளக்கைக் கழற்றிக் கைலி முனையால் துடைத்தான். துடைத்தபடியே ஆரம்பித்தான்.

"அய்யா கவலைப்படாதீங்க. எஞ்சின் நின்னா எனக்குக் காதே போதும். போன வருசம் கோடியக்கரையில படுத்துருக்கேன். அக்கரையில, சிலோன்ல, ஒரு மோட்டார் திணறுது. கார்ப்பரேட்டர்ல தூசின்னு கேட்டதுமே தெரிஞ்சு போச்சு. இங்கேருந்தே சத்தம் போட்டுச் சொன்னேன். கழட்டி ஊதிட்டு ஓட்டிக்கிட்டுப் போனான்."

"அவன் ஊதினது உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார் காத்தமுத்து.

"தூசி என் கண்ணுல வந்து விழுந்துச்சே மேஸ்திரி."

அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலா சிரிப்பைப் பொங்கல் பானைக்குள் குனிந்து வைத்துக்கொண்டாள்.

பிளக்கை எஞ்சின் மேல் வைத்து, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். நீலமாகப் பொறி தெறித்தது. நெருப்பு இருக்கிறது. பெட்ரோல் குழாயைப் பிடுங்கி வாயால் ஊதினான். டாங்கில் குமிழி வந்தது. எண்ணெயும் இருக்கிறது.

"எண்ணெய்னதும் ஞாபகம் வருது. ஒரு தடவை இதே இடத்துல பெட்ரோல் தீந்து போச்சு. இது குடிக்கிறதைவிடக் கக்குறதுதானே அதிகம்? பின்னாடி வந்த புகையை உப்புச் சாக்குல பிடிச்சு வச்சிருந்தேன். வேட்டி பிழியிற மாதிரி பிழிஞ்சு டாங்கில ஊத்தினேன். ஊர் போய்ச் சேரும்போது புறப்பட்டப்ப இருந்ததைவிட ரெண்டு படி கூட இருந்துச்சு."

"மிச்சத்தை என்ன பண்ணினே?" என்றார் காத்தமுத்து.

"கோயில் விளக்குக்குக் குடுத்துட்டேன். சாமி சொத்து பாருங்க, நமக்கு எதுக்கு?"

"சாமியை இழுக்காதே தம்பி," என்றார் அப்பா. அவர் அன்று அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மாசிலாமணி கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினான். கயிற்றை இழுத்தான். எஞ்சின் நாலு தரம் இருமிவிட்டு அடங்கியது. சக்கரங்களில் பாதி வெளியே தெரிந்தது. அவன் நெற்றியில் வேர்வை. நீலா பார்த்தாள். வேர்க்க வேர்க்க அவன் புளுகு பெருத்துக்கொண்டே போனது.

"ஐப்பசி மழையில பிளக் செத்துப் போச்சு ஒருக்கா. இடி இடிக்குது. வயரை எடுத்து மின்னல்ல மாட்டிட்டேன். எடுத்தது பாருங்க ஒரு ஓட்டம். புறப்பட்டது வெள்ளிக்கிழமை, கரையேறினா அதுக்கு முந்தின வியாழக்கிழமை."

காத்தமுத்து பீடியைப் பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டிருந்தார். "அப்ப மறுநாள் வெள்ளிக்கிழமை நீ என்ன பண்ணினே?"

"துறைக்குப் போனேன். அங்க நான் வண்டியை எடுத்துக்கிட்டிருந்தேன். மழை வருது, குடை எடுத்துக்கிட்டுப் போன்னு எனக்குச் சொன்னேன். கேக்கல. நான் யார் பேச்சைக் கேட்டிருக்கேன்?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இப்ப நான் ஒன்னு கேக்குறேன். மேஸ்திரி சாட்சி. இந்த வண்டி ஏன் நின்னுச்சு? நடந்ததை நடந்தபடி சொல்லு. சொல்லிட்டா என் பொண்ணு உனக்கு. ஒரு சொட்டுப் புளுகு கலந்தா, கரையேறினதும் நீ யாரோ நாங்க யாரோ."

நீலாவின் கை பானை விளிம்பைப் பிடித்திருந்தது. ஒரே ஒரு உண்மை. ஒரு தடவை சொன்னால் போதும். இவனால் முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மாசிலாமணி முதல்தடவையாக வாயை மூடிக்கொண்டு யோசித்தான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான். "நெருப்பு இருக்கு. எண்ணெய் இருக்கு. மூச்சு உள்ள போகுது." நிறுத்தினான். "வெளிய வரல."

நீலாவைத் தாண்டி வண்டியின் பின்பக்கம் போனான். குனிந்து சைலன்சர் குழாயில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினான். ஏதோ பிய்ந்துகொண்டு அவன் உள்ளங்கையில் விழுந்தது. காத்தமுத்து முன்னால் இருந்தார். அவருக்குத் தெரியவில்லை. நீலாவுக்குத் தெரிந்தது.

எலுமிச்சம்பழம். வெந்து, கறுத்து, ஒரு பக்கம் குங்குமம் தீய்ந்து ஒட்டியிருந்தது.

காலையில் துறையில் அப்பா வண்டியின் பின்னால் குனிந்து நின்றது அவள் நினைவுக்கு வந்தது. புறப்படும்போது சக்கரத்தின் அடியில் பழம் வைத்து நசுக்குவது வழக்கம். இந்த வண்டியின் சக்கரமோ தண்ணீரில் கிடந்தது. திருஷ்டி கழிக்காமல் போக அவருக்கு மனசில்லை. தோதாக ஒரு ஓட்டையைப் பார்த்திருக்கிறார். விழுந்துவிடக் கூடாதென்று கட்டைவிரலால் அழுத்தியும் விட்டிருக்கிறார். பாதி வழிக்குள் அது சூட்டில் உப்பி அடைத்துக்கொண்டது.

அப்பாவும் திரும்பிப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோர்ட்டு இறங்கிவிட்டது. ஊர் முழுக்கப் பரப்புவதற்குக் காத்தமுத்து தயாராகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி நீலாவைப் பார்த்தான். உள்ளதைச் சொன்னால் அவள் அவனுக்கு. அவன் கையைத் தண்ணீருக்குள் விட்டு விரலைத் திறந்தான்.

"என்னப்பா அது?" என்றார் காத்தமுத்து.

"கெளுத்தி மேஸ்திரி. சைலன்சர்ல குடியேறியிருக்கு. உள்ள கதகதப்பா இருந்துச்சோ என்னவோ."

"போச்சு," என்றார் காத்தமுத்து. "பொண்ணு போச்சு. ஒரு நிமிசம் பொறுக்க முடியலையாடா உனக்கு? அய்யா, கேட்டுக்கிட்டீங்கள்ல?"

நீலா அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. சேற்றில் ஒரு நண்டு வளைக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். சாட்சிக் கூண்டுக்கு முன்னால் நின்று பேசும் அதே குரல்.

"கெளுத்திதான் மேஸ்திரி. நானும் பார்த்தேன்."

"நீங்களா?"

"மீசை இருந்துச்சு."

காத்தமுத்துவின் விரலிலிருந்து பீடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. மாசிலாமணி கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் உளுந்து கொட்டத் தொடங்கியது.

தை மாதம் கல்யாணம். அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். ஆரம்பத்தில் சாண் நீளம் இருந்த மீன், பேரப்பிள்ளைகள் பிறந்தபோது முழ நீளமாகி, அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் சினையாகவும் இருந்தது. மாசிலாமணி குறுக்கே ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு புரட்டாசியில் அமிர்தகடேசன் தூக்கத்திலேயே இறந்துபோனார். அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. மாசிலாமணிதான் கொள்ளி வைத்தான்.