சோபாவில் உட்கார்ந்த சிச்சுவேஷன்

டிவி ஊரில் சிச்சுவேஷன் என்று ஒருத்தி இருந்தாள். பாட்டோ, சண்டையோ, அழுகையோ, எது வருவதானாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இன்ன இடம், இன்ன ஆள், இன்ன சிக்கல் என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், "சரிம்மா, நீ கிளம்பு" என்பார்கள். எதையும் அவள் கடைசிவரை இருந்து பார்த்ததில்லை. ஒருநாளாவது உள்ளே உட்கார இடம் கிடைக்காதா என்பதுதான் அவள் ஏக்கம்.

அந்த ஊரில் தினமும் அரைமணி நேரம் அரைமணி அண்ணாச்சிக்குச் சொந்தம். அந்த இடம் நிகழ்ச்சி எதுவும் இல்லாமல் காலியாகக் கிடந்தது. "நான் ஒருத்தன் போதும்" என்று காமெடி அதைக் கேட்டு வாங்கினான்.

முதல் ஐந்து நிமிஷம் ஜோக்காகப் பொழிந்தான். அப்புறம் சரக்கு தீர்ந்தது. ஜோக்குக்குப் பின்னால் போடும் பதிவுச் சிரிப்பை ஒரு டப்பாவில் அடைத்துக் கொண்டு வந்திருந்தான்; அதைத் திறந்து கொட்டினான். டப்பாதான் சிரித்தது. வீடுகளில் கைகள் ரிமோட்டைத் தேடின.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "இப்படியே போனா இடத்தை ராசிபலனுக்குக் கொடுத்துடுவேன், தம்பி."

வாசலில் நின்ற சிச்சுவேஷன் மெல்லச் சொன்னாள். "ஒரு சோபாவும் ஒரு கதவும் எனக்குக் கொடுங்க, அண்ணாச்சி. ஆனா பாதியில கிளம்பச் சொல்லக் கூடாது."

"உன் மூஞ்சியப் பாத்தாலே இரங்கல் கூட்டத்துக்கு வந்த மாதிரி இருக்கு. உன்னப் பாத்து எவன் சிரிப்பான்?" என்றான் காமெடி.

"சிரிக்க வைக்கறது உன் வேலை. நான் சொல்றப்போ மட்டும் வாயத் திற."

சோபாவைப் போட்டாள். காய்ச்சல் என்று லீவு சொன்ன குணாளனைப் பஜ்ஜித் தட்டோடு அதில் உட்கார வைத்தாள். கதவு மணி அடித்தது. ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்து நின்றார் அவனுடைய மேனேஜர். தட்டோடு போர்வைக்குள் பாய்ந்தான் குணாளன்.

யாரும் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அதற்குள் வீடுகளில் சிரிப்பு கிளம்பிவிட்டது. காமெடிக்கு வாய் நமநமத்தது. அவள் கண்ணாலேயே அடக்கினாள். போர்வைக்குள்ளிருந்து பஜ்ஜியின் ஆவி மெல்ல எழும்பியபோதுதான், "இப்போ" என்றாள். காமெடி, பக்கத்தில் நின்ற குணாளன் மனைவியின் நாக்கில் ஏறி உட்கார்ந்தான்.

"பாருங்க சார், உடம்பு எப்படிக் கொதிக்குதுன்னு."

சிரிப்பில் தெருவே அதிர்ந்தது. மறுவாரம் கதவு மணி அடித்ததுமே சிரித்தார்கள், வந்திருப்பது யாரென்று தெரியாமலே.

அண்ணாச்சி பெயர்ப் பலகையோடு வந்தார். "காமெடின்னு போட்டாப் போதும்ல?"

"அவ பேரு முன்னாடி வரட்டும், அண்ணாச்சி" என்றான் காமெடி.

இரண்டு பெயரும் சேர்ந்து பலகைக்கு அடங்கவில்லை. இங்கிலீஷில் எழுதிய பெயரில் ஆளுக்குக் கொஞ்சம் வாலை வெட்டி, Sit என்றும் Com என்றும் கொடுத்தார்கள். 'சிட்காம்' என்று பலகை ஏறியது.

அன்றைய ஆட்டம் முடிந்ததும், பழக்க தோஷத்தில் அண்ணாச்சி, "சரிம்மா, நீ கிளம்பு" என்றார்.

அவள் சோபாவில் காலை நீட்டிப் படுத்தாள்.

"போறவங்க கதவைச் சாத்திட்டுப் போங்க, அண்ணாச்சி."