செங்காம்புக் கொடியும் மூன்று முறை விதியும்

தீர்ப்புச் சொல்ல அஞ்சாதவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்கள் நாளிதழ் படிக்கலாம். வம்பு தொடங்குவதே அங்கேதான்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மூவர் வேலை பார்த்தார்கள். தலைவர் பேராசிரியர் சங்கரபாண்டியன். செடிகொடிகளிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுப்பவர் தேவசகாயம். அவற்றைச் செல்கள்மேல் விட்டுச் சோதிப்பவள் மெகருன்னிசா. மலையடிவாரத்தில் படரும் செங்காம்புக் கொடியிலிருந்து தேவசகாயம் ஓர் ஆல்கலாய்டைப் பிரித்துக் கொடுத்தார். ஆல்கலாய்டு என்றதும் மயங்கிவிட வேண்டாம். காப்பியில் இருந்து நம்மை எழுப்புவதும் ஆல்கலாய்டுதான். எட்டிக்கொட்டையில் இருந்து ஆளை எழவே விடாமல் செய்வதும் ஆல்கலாய்டுதான்.

அந்த ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. எந்தச் சோதனையையும் மூன்று முறை செய்து, மூன்றிலும் ஒரே முடிவு வந்தால்தான் வெளியே வாய் திறக்கலாம். மூவரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். மெகருன்னிசா புற்றுநோய் செல்களை மூன்று முறை சோதித்தாள். மூன்று முறையும் அவை செத்தன.

பேராசிரியர் இனிப்பு வாங்கி வரச் சொன்னார். அவளோ அதே அளவு ஆல்கலாய்டை நலமான செல்கள்மேல் விட்டுப் பார்த்தாள். தட்டோடு ஒட்டிப் படர்ந்திருக்க வேண்டிய செல்கள் உருண்டு திரண்டு மிதந்தன. அவையும் செத்திருந்தன, கொஞ்சம் சீக்கிரமாகவே. பேராசிரியரையும் தேவசகாயத்தையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சார், இது ஆள் பார்த்து அடிக்கல. எல்லாரையும் அடிக்குது."

"ஒரு தடவைதானேம்மா பார்த்திருக்க? இன்னும் ரெண்டு தடவை செஞ்சுட்டு வா. அதுவரைக்கும் மூச்சு விடாதே."

ஆனால் அவர் மூச்சு விட்டார். 'புற்றுநோயைக் கொல்லும் நெல்லைக் கொடி' என்று நாளிதழில் செய்தி வந்தது. படத்தில் கொடியை மணமாலைபோல் ஏந்திக்கொண்டு பேராசிரியர் நின்றார். 'ஆய்வகத்தில் மூன்று முறையும் புற்றுநோய் செல்களை முற்றிலும் அழித்தது' என்று அவர் கூறியிருந்தார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மெகருன்னிசா நாளிதழோடு அவர் முன்னே போய் நின்றாள்.

"உப்பை அள்ளிப் போட்டாலும் அந்த செல் சாகும் சார். தட்டை அடுப்புல வச்சாலும் சாகும். அதையும் பேப்பர்ல போடச் சொல்லலாமே?"

"கிண்டலா? நான் செல்லுன்னுதானே சொன்னேன்? ஆளுன்னு எங்கயாவது சொன்னேனா?"

ஆள் வந்தே விட்டான். பஞ்சர் கடை மாசானமுத்து, ஒரு சாக்குப் பை நிறையக் கொடியோடு. அவன் தாய்க்கு மார்பில் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தவள், செய்தியைக் கேட்டதும் இனி ஊசியே வேண்டாமென்று வீட்டுக்கு வந்துவிட்டாளாம். மறுநாள் காலையிலிருந்து கொடிச்சாறு கொடுப்பதாக ஏற்பாடு.

"அரைச்சுக் குடுக்கணுமா சார், காய்ச்சிக் குடுக்கணுமா?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுப்பா. நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்ல" என்று பேராசிரியர் காரில் ஏறிவிட்டார். தேவசகாயம் கையிலிருந்த கண்ணாடிக் குடுவையை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல், உற்றுப் பார்த்தார்.

மெகருன்னிசா வாசல்வரை ஓடிப்போய் மாசானமுத்துவை நிறுத்தினாள்.

"அண்ணே, அதைக் குடுத்துராதீங்க. நல்ல செல்லையும் சேர்த்துத்தான் கொல்லுது. அம்மாவை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அப்ப பேப்பர்ல போட்டது பொய்யா?"

"பொய்யில்ல. பாதி."

"நீங்க எத்தனை தடவை பார்த்தீங்க மேடம்?"

தயங்கினாள். "ஒரே தடவைதான்."

"நல்லாச் சொல்லுதீங்க போங்க! அவரு மூணு தடவை பார்த்திருக்காரு, நீங்க ஒரு தடவையா?" என்று அவன் முறைத்தான். ஆனாலும் தாயை மறுநாள் ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்துப் போனான்.

அவள் மாசானமுத்துவைத் தடுத்த விஷயம் வெளியே வந்தது. கல்லூரி நிர்வாகம் விசாரணை வைத்தது, மெகருன்னிசாமேல். அங்கே தேவசகாயம் சொன்னார்: "பேராசிரியர் மூன்று முறை பார்த்ததைச் சொன்னார். நான் ஒன்றுமே சொல்லவில்லை. இவர் ஒரு முறை பார்த்ததைப் போய்ச் சொன்னார். விதியை மீறியது யார் என்பதற்கு விசாரணையே தேவையில்லை."

அதில் தவறு காண முடியவில்லை. உண்மையை மட்டுமே சொன்னவர் ஒருவர். வாய் திறக்காமல் வாக்கைக் காத்தவர் ஒருவர். வாக்கை மீறி, முழுதாக உறுதிப்படாததைச் சொன்னவள் ஒருத்தி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மெகருன்னிசா செய்ததே சரி. மீதி இரண்டு சோதனைகளில் என்ன முடிவு வந்தது என்று கேட்காதீர்கள். அவள் சந்தேகம் பொய்த்திருந்தாலும் தீர்ப்பு இதுதான். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. 'ஒரே தடவைதான்' என்று ஒப்புக்கொண்டவள் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை. பேராசிரியரோ பாதியை மட்டும் சொல்லி முழுவதையும் நம்பவைத்தார். தேவசகாயம் தெரிந்ததை மறைக்க விதியைப் போர்வையாக்கிக்கொண்டார். 'இது மருந்து' என்று நம்பவைக்க மூன்று முறை போதாது, முந்நூறும் போதாது. 'குடிக்காதே' என்று சொல்ல ஒரு முறை போதும். பாலில் பல்லி விழுந்ததோ என்று சந்தேகம் வந்தால், மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டா கீழே கொட்டுகிறோம்?