உண்ணிக்கொக்கு வைத்த விளம்பரம்

நாவல்குளம் என்றொரு காட்டுக் குளம். அந்தக் கரைக்குப் புதிதாகக் குடிவந்தாள் பூவாத்தா என்ற உண்ணிக்கொக்கு. மாடு, மான், யானை என்று யார் வந்தாலும் மேலே ஏறி உண்ணி பொறுக்குவதுதான் அவள் தொழில். அதுதான் சாப்பாடும். தவளையோ நண்டோ தின்னலாமே என்பீர்கள். அதெல்லாம் தின்றால் அவளுக்கு வயிறு ஊதிக்கொள்ளும், பாவம்!

மூன்று நாளாக ஒருவரும் வரவில்லை. பசி தாங்கவில்லை. போதாத வேளை, ஊளைமணி என்ற நரியிடம் யோசனை கேட்கப் போனாள்.

"விளம்பரம் வை, அம்மணி! நான் எழுதினால் காடே உன் காலடியில்! கூலி, தினம் நாலு நண்டு!" என்றது நரி.

பட்டினியோடு நண்டு பிடித்துக் கொடுத்தாள். நரி ஒரு மூங்கில் தட்டியில் கரியால் எழுதி நாவல் மரத்து உச்சியில் கட்டியது.

'ஏழு தலைமுறைப் பாரம்பரியமும் எழுபது காடுகளின் நன்மதிப்பும் ஒருங்கே அமையப்பெற்ற, தன்னிகரற்ற, தரமான, மிகத் தரமான, தரத்திலும் தரமான...'

"இதுல உண்ணி எங்கேய்யா?" என்று கேட்டாள் பூவாத்தா.

"பொறு! பதினோராவது வரியில வருது!"

மான் மூன்றாவது வரியில் கொட்டாவி விட்டது. யானை ஐந்தாவது வரியில் நின்றபடியே தூங்கிவிட்டது. விழித்ததும் எதற்கு வந்தோம் என்று மறந்து, தண்ணீர் குடிக்காமலே வீட்டுக்குப் போனது.

"சரி, இந்தக் கூட்டத்துக்கு அதிர்ச்சி வைத்தியம்தான்!" என்று நரி வேறு தட்டி எழுதியது. மேலே பானை பானையாக எழுத்து: 'ஐயோ! புலி! புலி! புலி!' கீழே எறும்பு எறும்பாக எழுத்து: 'கூட நம்மிடம்தான் உண்ணி எடுக்கிறது.'

எறும்பு எழுத்தை யார் படித்தார்கள்? "புலி!" என்று மான் கத்தியது. யானை ஓடியது, பன்றி ஓடியது. எல்லாரும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, எழுதிய நரியும் சேர்ந்து ஓடியது!

இரண்டு நாள் குளக்கரையில் ஈ காக்கை இல்லை. பூவாத்தாவுக்குக் கண் இருட்டியது. நாளையும் ஒன்றும் கிடைக்காவிட்டால் பறக்கவும் தெம்பிருக்காது என்று அவளுக்குத் தெரியும். அழுதுவிட்டாள்.

அப்போது கோணக்கொம்பன் என்ற எருமை மட்டும் தள்ளாடி வந்தது. வெயில் தாங்கவில்லை, புலி தின்றாலும் பரவாயில்லை என்று சேற்றில் இறங்கிவிட்டது. இறங்கியும் நிம்மதி இல்லை. தலையை ஒரு கல்லில் தேய் தேய் என்று தேய்த்தது.

"என்ன அண்ணே?"

"காதுக்குப் பின்னாடி அரிக்குது தாயி! முதுகை மரத்துல தேய்ச்சுக்கலாம். இந்த இடத்துக்கு எதுவும் எட்ட மாட்டேங்குது. உசிரு போகுது!"

"அதுக்குத்தானே தட்டி வெச்சிருக்கேன்! பாக்கலையா?"

"தண்ணி குடிக்கிறவன் குனிவானா, அண்ணாந்து பாப்பானா? எவனோ படிச்சுச் சொன்னான், ஏழு தலைமுறையாமே! உன் ஏழு தலைமுறையும் வந்து என் காதைச் சொறியுமா?"

 பூவாத்தா தாவி ஏறி, எருமையின் காதுக்குப் பின்னால் கொத்தினாள். கொழுத்த உண்ணி! "ஆஹா... அங்கதான் தாயி, அங்கதான்!" என்று எருமை கண்ணைச் சொருகியது.

தெம்பு வந்ததும் தட்டியைப் பிய்த்து எறிந்தாள். தண்ணீர் ஓரத்து ஈரச் சேற்றில், குடிக்க வருகிறவரின் மூக்கு படும் இடத்தில், அலகால் எழுதினாள்:

'காதுக்குப் பின்னால் அரிக்கிறதா? நிமிர்ந்து பார். நான் இங்கேதான் இருக்கிறேன்.'

புலி கதை பொய் என்று எருமை ஊரெல்லாம் சொல்லிவிட்டதால், மறுநாள் காலையில் மான் வந்தது. குனிந்தது. படித்தது. "எனக்கு அரிக்கலையே..." என்றது. உடனே காது துடித்தது. "அடடா, அரிக்குதே!" யானைக்கு இரண்டு காதும் அரித்தது. ஆமைகூட, "எனக்கு ஓட்டுக்குள்ள அரிக்குது!" என்று வந்து நின்றது. வரிசை கரையைச் சுற்றி வளைந்தது.

ஊளைமணிக்கு வயிறு எரிந்தது. குனிந்து படித்தது. "சே! ஒரு அடைமொழி உண்டா, ஒரு அலங்காரம் உண்டா? இதெல்லாம் ஒரு எழுத்தா? இதைப் படித்து எவனுக்காவது..." என்றவாறே பின்னங்காலைத் தூக்கிக் காதைப் பரபரவென்று சொறிந்தது.

"வரிசையில வாங்க, நரியாரே!" என்றாள் பூவாத்தா, யானை மேலிருந்து. "உங்க முறை பதினோராவது!"

வாங்க வருகிறவருக்கு எங்கே அரிக்கிறது என்று தெரியாதவன், தன் பெருமையை எத்தனை அழகாக எழுதினாலும் அது மரத்து உச்சியில்தான் தொங்கும்.